மூன்று தட்டு

இதைச் சொன்னால் கேரள எல்லையில் எங்கள் பாறசாலைப் பக்கத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்காத மீதிப் பேர் அந்தப் படத்தைக் கண்ணால் கண்டவர்கள். நடந்தது நடந்ததுதான். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இதற்கு ஏதாவது விளக்கம் வைத்திருப்பார்கள். வைத்திருக்கட்டும். விளக்கம் சொன்ன ஒருவரும் விஜயதாஸின் வீட்டில் அந்த ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்ததில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். எடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட நேரம். உதியன்குளங்கரை ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி விஜயதாஸுக்கு வீடு. முன்னறைதான் ஸ்டூடியோ. கல்யாணம், புதுவீடு, சாவு, எதற்கும் அந்தப் பக்கத்தில் அவன்தான் கேமரா. இந்த மூன்றில் அவன் பெயர் வாங்கியது சாவில்.

எப்படி என்றால், இங்கே கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை முற்றத்துப் பந்தலில் வைத்து, மூடியைத் திறந்து, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு ஒருவனாவது கல்ஃபில் இருப்பான். அவனுக்கு லீவு கிடைத்திருக்காது. தகப்பனின் சாவுப் படத்தில் மூத்த மகன் இல்லையென்றால் குடும்பத்தில் அது காலத்துக்கும் பேச்சாகிவிடும். அதனால் விஜயதாஸ் அவனுடைய பழைய படம் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரில் வெட்டி, பெட்டியின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். சேர்ப்புப் படம் என்று அதற்குப் பெயர். நிழல் விழும் பக்கம்கூடத் தப்பாது. "விஜயதாசு நெனச்சா இல்லாத்தவனும் வந்து நிப்பான்" என்று சாவு வீட்டிலேயே கேலி பேசுவார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

படங்கள் பெருகி இடம் போதாமல் போனபோது, நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அனூப் இன்னொரு மெஷினைப் பூட்டிக் கொடுத்தான். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அது உட்கார்ந்தது. முன்னறை மெஷினிலிருந்து ஒரு கறுப்பு வயர் சுவரைத் துளைத்துக்கொண்டு அதற்குப் போகும். எடுத்த படமெல்லாம் அதில் போய் அடையும். அனூப் அதைச் சர்வர் என்றான், வீட்டிலும் அப்படியே சொன்னார்கள். சுற்றுவட்டாரத்தில் செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் இருந்தார்கள். விளக்கு வைத்த பிறகு விஜயதாஸின் மனைவி லேகா அந்த அறைக்குள் போகமாட்டாள்.

அந்த வருஷம் மே மாதம் ஜெயபாய் மாமியின் மகன் நிபின் கல்ஃபில் வேன் கவிழ்ந்து இறந்துபோனான். ஒரே மகன். தகப்பன் ராஜையா முன்பே போயாயிற்று. உடல் வந்துசேர மூன்று வாரம் ஆனது. உள்ளே தகரம் வைத்துப் பற்றவைத்த பெட்டி. திறக்கக் கூடாது என்று மேலே காகிதம் ஒட்டியிருந்தது. திறக்கவில்லை. கடைசி முத்தத்தை எல்லோரும் மூடியின் மேல்தான் கொடுத்தார்கள். பெற்றவள் மட்டும் கொடுக்கவில்லை.

"இது அவன் இல்ல. எனக்க உள்ளு சொல்லுதில்ல" என்றாள்.

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மூடிய பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தாயிற்று.

மறுநாள் நிபினின் பெரியப்பா ஈசாக் ஸ்டூடியோவுக்கு வந்தார். "எலே விஜயதாசு, மூடின பெட்டிய எப்பிடிலே வெளியூருக்கு அனுப்ப? அவனுக்க மொகத்த வச்சு ஒரு படம் செஞ்சு தா. தொறந்து கெடக்குத மாதிரி."

விஜயதாஸ் செய்தான். நிபினின் பாஸ்போர்ட் படத்தை எடுத்து, கண்ணை மூட வைத்து, வேறொரு சாவுப் படத்திலிருந்து வெள்ளைத் துணியும் பூவும் கொண்டுவந்து பரப்பி, மூடி இருந்த இடத்தில் முகத்தை இறக்கினான். அவன் செய்த சேர்ப்புகளிலேயே அதுதான் சுத்தம். ஜெயபாய் மாமி அந்தப் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. மூடிய பெட்டிக்குள் யாருடைய முகத்தை வைக்கிறோம் என்று விஜயதாஸ் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்?

ஜூலையில் ஒரு மதியம் மாமி குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். கையில் துண்டில் பொதிந்த ஒரு சாமான். நிபினின் சூட்கேஸில் இருந்ததாம். டிபன் பாத்திரம் அளவுக்கு வெள்ளைப் பெட்டி, பின்னால் ஒரு வயர். வெளியிலிருந்து மெஷினில் குத்துகிற யுஎஸ்பி டிரைவ். அந்தக் காலத்தில் இங்கே அதெல்லாம் அதிசயம்.

"இதுக்குள்ள அவனுக்க போட்டோ இருக்குமா மக்கா?"

"இருக்கும் மாமி. எடுத்துத் தாறேன்."

"கடேசியா எடுத்தது வேணும். சாவதுக்கு முன்ன எப்பிடி இருந்தாண்ணு நான் காணணும்." துண்டை மடித்தாள். "மொகம் காணாம எனக்கு அழ வரல்ல மக்கா."

மகன் போய் இரண்டு மாதமாகியும் அவள் அழவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஊர் வாய்க்கு மூடி ஏது, கல்நெஞ்சுக்காரி என்றுகூடச் சொன்னார்கள். விஜயதாஸுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எப்படியாவது இதிலிருந்து ஒரு படமாவது எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

யுஎஸ்பி துளை சர்வரில் மட்டும்தான் இருந்தது. வயரைக் குத்தினான். டிரைவின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். மெஷினின் சொந்த டிஸ்க் உண்டு, சிடி உண்டு. புதிதாக ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் முதல் தடவை அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்.

நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று.

மாமி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நிபின் வீட்டுக்கு வந்தா கதவுல ரெண்டு தட்டு தட்டுவான். இது மூணு."

விஜயதாஸ் சிரித்துவிட்டான். "அது மெஷினுக்க சத்தமாக்கும் மாமி."

மறுநாள் அனூப்பிடம் போய் ஃப்ளாப்பியில் அதற்கான டிரைவர் சாஃப்ட்வேர் வாங்கி வந்து ஏற்றினான். மெஷினை அணைத்துப் போட்டான். வரவில்லை. பக்கத்துத் துளையில் மாற்றிக் குத்தினான். வேறு வயர் போட்டான். கரண்டு போதவில்லையோ என்று தனி அடாப்டர் வைத்தான். பச்சை விளக்கு எரியும். டக், டக், டக். மெஷினுக்கு மட்டும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. டெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு வந்து அனூப்பைக் கூப்பிட்டு, ரிசீவரை டிரைவின் பக்கத்தில் பிடித்தான்.

"கேட்டியா?"

"சத்தம் ஒண்ணும் கேக்கல்லயே அண்ணா" என்றான் அனூப். "கூடெ ஆரு?"

"ஆரும் இல்ல. நானும் மெஷினும்."

"பின்ன ஆரு பேசுது? அது ஏது பாஷை?"

விஜயதாஸ் திரும்பிப் பார்த்தான். லேகா கிணற்றடியில் இருந்தாள். வீட்டில் வேறு ஒரு ஈ, காக்கை இல்லை. லைன் குழம்பியிருக்கும் என்று போனை வைத்தான்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. ஈசாக்குக்கு அந்தச் சேர்ப்புப் படத்தில் இன்னொரு பிரதி வேண்டுமாம். சர்வரில் அதைத் திறந்தால், நிபினின் முகம் மட்டும் கலங்கியிருந்தது. ஈரத்தில் நனைந்து ஊறியதுபோல. மற்ற முகங்களெல்லாம் சரி. படத்தைக் கடைசியாக மாற்றிய நேரம் என்று மெஷின் காட்டியது அன்றைய மதியம். சரியாக அவன் அன்று டிரைவைக் குத்திய நேரம். அவன் அந்தப் படத்தைத் தொடவே இல்லை.

டிஸ்க் கெட்டுக்கொண்டு வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, பாஸ்போர்ட் படத்திலிருந்து முகத்தை மறுபடி வெட்டி, மறுபடி ஒட்டி, பத்திரமாகச் சேமித்தான்.

அடுத்த நாள் டிரைவைக் குத்திவிட்டுப் படத்தைத் திறந்தான். முகமே இல்லை. துணி உண்டு, பூ உண்டு. தலை இருந்த இடத்தில் தலையணை அமுங்கின பள்ளம் மட்டும் இருந்தது. அப்படி ஒரு பள்ளத்தை அவன் வரையவில்லை.

லேகா பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "இஞ்ச பாருங்க, அது வேண்டாம். வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டாச்சு. திருப்பிக் குடுத்துருங்க."

கொடுத்திருக்கலாம். ஆனால் ஜெயபாய் மாமி தினமும் சாயங்காலம் வருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். வாசலில் நிற்பாள். விஜயதாஸ் இல்லை என்று தலையை ஆட்டினால், குடையை விரித்துக்கொண்டு போய்விடுவாள். அந்த நிற்பைப் பார்த்துவிட்டு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இன்றும் டிரைவ் மெஷினில் வரவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று லேகாவிடம் சொன்னான். அன்று பகலெல்லாம் விடாத மழை. சாயங்காலம் மாமி வந்தாள். அவளை உள்ளே அழைத்து சர்வர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டு, வயரைக் குத்தினான். லேகா முன்னறையில் விளக்குக் கொளுத்தினாள்.

அந்த வருஷம் தினமும் அந்த நேரத்தில் அரைமணி பவர்கட். கரண்டு போயிற்று.

மின்விசிறி நின்றது. சர்வரின் இரைச்சல் நின்றது. திரை அணைந்தது. கூரையில் மழை மட்டும்.

டக்... டக்... டக்.

விஜயதாஸுக்கு முதலில் உறைக்கவில்லை. பிறகு உறைத்தது.

கரண்டு இல்லை.

டக்... டக்... டக்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டி வயரைப் பிடுங்கினான். வயர் கையோடு வந்தது.

விளக்கு அணையவில்லை.

டக். டக். டக்.

இப்போது வேகமாக. பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்ட ஆள் தட்டுகிற வேகம். மேஜை அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"லேகா" என்று கூப்பிட்டான்.

திரை வெளுத்தது.

கரண்டு வரவில்லை. ஆனால் திரை வெளுத்தது...

படம்.

அதே பந்தல். அதே ஆட்கள். திறந்த பெட்டி.

உள்ளே முகம் இருந்தது.

நிபின் இல்லை.

கறுத்து ஒடுங்கிய முகம். வயது இருபத்தைந்து இருக்கும். இடது புருவத்தின் மேல் பழைய வெட்டுத் தழும்பு. கண் மூடியிருந்தது. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது, பேச்சின் நடுவில் யாரோ நிறுத்திவிட்டதுபோல.

விஜயதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். லேகா கைவிளக்கோடு வாசல்படியில் வந்து நின்றவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

ஜெயபாய் மாமி எழுந்தாள். திரையின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"இது எனக்க மவன் இல்ல."

குரல் நடுங்கவில்லை.

"நான் அண்ணைக்கே சொன்னேன். ஆரும் கேக்கல்ல."

உள்ளங்கையைத் திரையில், அந்த நெற்றியின் மேல் வைத்தாள். "ஆரு பெத்த பிள்ளையோ... மொகம் காட்டவா மக்கா நீ இத்தன தட்டு தட்டுன?"

பெட்டியின் மூடிக்குக் கொடுக்காத முத்தத்தை அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்தாள்.

சத்தம் நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. திரை இருண்டது. அதற்குப் பிறகுதான் லேகா கத்தினாள்.

கரண்டு வந்த பின் சர்வரைப் போட்டுப் பார்த்தார்கள். படம் அப்படியேதான் இருந்தது, அந்த அந்நியன் முகத்தோடு. விஜயதாஸ் அதை அச்சு எடுத்தான். ஈசாக் பார்த்துவிட்டு, வேறு எவனுடைய முகத்தையோ மாற்றி ஒட்டிவிட்டுக் கதை விடுகிறான் என்று திட்டினார். சபைப் போதகரான ஐயர் பார்த்தார், சந்தைக்காரர்கள் பார்த்தார்கள். யாருக்கும் அந்த ஆளைத் தெரியவில்லை. விஜயதாஸ் தன்னிடமிருந்த எல்லாப் படங்களையும் அலசினான். அந்த முகம் அவற்றில் எங்குமே இல்லை.

மறுநாள் அனூப் பைக்கில் வந்தான். டிரைவின் அடியில் நாலு திருகாணி. கழற்றி மூடியைத் தூக்கினான். பிறகு அதை விஜயதாஸின் பக்கம் திருப்பிக் காட்டினான்.

விளக்கும் ஒரு சின்னப் போர்டும் இருந்தன. டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. நல்ல விலை போகும் சாமான், அங்கேயே எவனோ கழற்றி எடுத்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் இல்லாத்தத மெஷின் எப்பிடி அண்ணா காட்டும்? அதாக்கும் வராத்தது."

"சத்தம் கேட்டுதே..."

"சத்தம் போடவும் உள்ள ஒண்ணு வேணும்லா" என்றான் அனூப். அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

இத்தோடு நின்றிருந்தால் இதை நானும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

நவம்பரில், ஐப்பசித் துலாமழை அடங்கின ஒரு நாள், ஜெயபாய் மாமியின் வீட்டு முன்னால் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கூடவே வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. பாறசாலை ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு தெலுங்குக்காரரை மொழி சொல்ல அழைத்து வந்திருந்தார்கள். மாமி ஆள் அனுப்பினாள், அந்தப் படத்தோடு விஜயதாஸ் வர வேண்டும் என்று. ஸ்டூடியோவில் இருந்த அனூப்பும் கூடப் போனான்.

பெரியவருக்கு ராஜமுந்திரிப் பக்கம். அவருடைய மகனும் அதே வேனில் இறந்தவன். அவர்களுக்கு வந்த பெட்டியை அவர்கள் திறந்துவிட்டார்கள். குளிப்பாட்டாமல் அனுப்புவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. முகம் வீங்கியிருந்தது. இவன்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். யாரும் கேட்கவில்லை. அங்கே இரண்டு பெட்டிகளிலும் பெயர் எழுதிய காகிதத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்பது தெரியவர இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

பெரியவர் பேசப் பேச, அனூப் விஜயதாஸின் கையைப் பிடித்தான்.

"அண்ணா... அண்ணைக்கு போன்ல கேட்ட பாஷை இதாக்கும்."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து படம் எடுக்கப் போனார். அதற்கு முன்பே ஜெயபாய் மாமி அவரைப் பார்த்து, விரலால் தன் இடது புருவத்தின் மேல் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

அந்த மனிதர் நின்ற இடத்திலேயே முற்றத்து ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஈசாக்கும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை.

"எனக்க பிள்ளைய நிங்க என்ன செய்தது?" என்று மாமி கேட்டாள். ரயில்வேக்காரர் அதைத் தெலுங்கில் சொன்னார். பதிலைக் கேட்டுவிட்டு, மாமியைப் பார்க்காமல் திருப்பிச் சொன்னார். எரித்துவிட்டார்கள். சாம்பலைக் கோதாவரியில் விட்டாயிற்று.

கல்லறையைத் தோண்டிப் பெட்டியை எடுத்து, பெரியவரோடு அனுப்பி வைத்தார்கள். அது போன மறுநாள் மாமி விஜயதாஸின் வீட்டுக்கு வந்தாள்.

"அந்த டிரைவ எனக்குத் தா மக்கா."

"அதுக்குள்ள ஒண்ணும் இல்ல மாமி. தொறந்து பாத்தாச்சு."

"எனக்குத் தெரியும். தா."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கல்லறையும் இல்லாமல், ஆற்றோடு போய்விட்டவனுக்கு வந்து தட்ட ஒரு இடம் வேண்டாமா? துண்டில் பொதிந்து கொடுத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நிபினின் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு விஜயதாஸ் மாமியின் வீட்டுக்குப் போனான். சேர்ப்பு இல்லை, வெறும் முகம்தான். சேர்ப்பு வேலையை அவன் அப்போதே விட்டிருந்தான். போய்ச் சேர்வதற்குள் பவர்கட். கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம். கட்டிலின் தலைமாட்டில் அந்த வெள்ளைப் பெட்டி. அதில் வயர்கூட இல்லை. மாமி பக்கத்தில் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமி..."

விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

டக்.

ஒரே ஒரு தட்டு. நிபினுடைய அந்த இரண்டாவது தட்டுக்காக அவனும் தன்னையறியாமல் காத்திருந்தான். வெகு நேரம் ஒன்றுமில்லை.

டக்.

மறுபடியும் ஒன்றுதான்.

மாமி நிமிர்ந்தாள். அவன் கையிலிருந்த படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப தட்டுனதும் அவன் இல்ல மக்கா" என்றாள். "தெனமும் ஒவ்வொருத்தன் வாறான். எனக்க பிள்ளைக்குத்தான் இன்னும் வழி தெரியல்லயாக்கும்."